ஓர் அச்சுக்கு ஒரு யானை

பாலாநகரில் ஒரு டையைப் பற்றிப் பேச்சு வந்தால் முதல் கேள்வி ஒன்றுதான்: எத்தனை உருப்படி தாங்கும்? எஃகைக் குடைந்து, தேய்த்து, சூடேற்றிக் கெட்டிப்படுத்திச் செய்யும் ஒரு டை, பாட்டில் மூடியோ ஃபேன் பாகமோ, ஒரே மாதிரி லட்சக்கணக்கில் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். போட்ட பணம் அந்த எண்ணிக்கையில்தான் திரும்பி வரும். ஹைதராபாத்தின் வடமேற்கில் இருக்கும் இந்தத் தொழிற்பேட்டை அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்தக் கணக்கை வைத்துத்தான் பிழைக்கிறது.

இங்கே 1960களில் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸின் தொழிற்கூடம் வந்தது. பக்கத்திலேயே ஐ.டி.பி.எல். மருந்துத் தொழிற்சாலை. 1968ல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு மத்திய அரசு மத்திய கருவி வடிவமைப்பு நிறுவனத்தை இங்கேதான் தொடங்கியது. டை செய்வதைப் பாடமாகவே கற்பிக்கும் இடம். பெரிய ஆலைகளைச் சுற்றி லேத் பட்டறைகள், முலாம் பூசும் கடைகள், பழைய இரும்பு வியாபாரிகள். 2017ல் மெட்ரோ ரயில் வந்தது. 2021 ஜூலையில் திறந்த 1.13 கிலோமீட்டர் மேம்பாலம் நர்சாபூர் சந்திப்பின் நெரிசலைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டது. கீழே மட்டும் கடைசல் சத்தம் அப்படியே இருக்கிறது.

இந்த நகரத்து அடுக்குமாடி வீடுகளில், டி.வி.க்குப் பக்கத்துக் கண்ணாடி அலமாரியில், உள்ளங்கை அகலப் பித்தளை யானை ஒன்று நிற்பது வாடிக்கை. உடம்பு முழுக்க நூல் சுற்றியது போல வரிவரியாகக் கோடுகள். கால்கள் கொஞ்சம் குட்டை, கண்கள் இரண்டு சின்ன உருண்டைகள், முதுகில் ஒரு மணியோ அம்பாரியோ. தோக்ரா என்ற பெயரில் விற்பனையாகும் பொம்மை. தெலங்கானா அரசின் கோல்கொண்டா கைவினைக் கடைகளிலும், 1992ல் மாதாப்பூரில் உருவான சில்பாராமத்திலும், கைவினைச் சந்தைகளிலும் கிடைக்கும். பாலாநகரின் கணக்கு எடுபடாத சரக்கு அது. இந்த யானையின் அச்சு ஒரே ஒரு யானையைத்தான் தரும். அதையும் உடைத்தால்தான் யானை வெளியே வரும்.

உடைபடும் அச்சைப் பார்க்க வேண்டுமானால் வடக்கே போக வேண்டும். பாலாநகரிலிருந்து சுசித்ரா வழியாக மேட்சல் சாலையைப் பிடித்தால் அது தேசிய நெடுஞ்சாலை 44. கன்னியாகுமரியில் தொடங்கி மதுரை, சேலம் வழியாக வரும் அதே சாலை. காமாரெட்டி தாண்டி, சோன் அருகே கோதாவரியைக் கடந்தால் நிர்மல். மெல்லிய மரத்தில் செய்து வண்ணம் தீட்டும் பொம்மைகளுக்குப் பெயர் போன ஊர். பெரும்பாலான பயணிகள் அங்கே ஒரு மரக்கிளியை வாங்கிக்கொண்டு திருப்தி அடைகிறார்கள். அதற்கப்பால் சாலை மலையேறுகிறது. தேக்குக் காடு தொடங்குகிறது. குடிஹத்னூரில் நெடுஞ்சாலையை விட்டு இந்திரவெல்லி, உட்னூர் வழியாகத் திரும்பினால், ஹைதராபாத்திலிருந்து 300 கி.மீ.க்கு மேல் கடந்த பிறகு, ஜைனூர் வரும். பழைய ஆதிலாபாத் மாவட்டம். 2016 அக்டோபரில் பிரிந்த பிறகு குமுரம் பீம் ஆசிஃபாபாத் மாவட்டம். கோண்டு மக்களின் பூமி.

ஜைனூர் மண்டலத்தில் இருக்கும் உஷேகாவ், அதே மாவட்டத்தின் கேஸ்லாகூடா போன்ற ஒரு சில கிராமங்களில்தான் ஓஜாக்கள் வாழ்கிறார்கள். கோண்டுகளுக்குப் பித்தளை வார்த்துக் கொடுப்பது இவர்கள் குலத்தொழில். எண்ணிக்கையில் சிறிய சமூகம். வீட்டு முற்றம்தான் பட்டறை. உலை என்பது தரையில் ஒரு குழி. கருவிகள் அனைத்தையும் ஒரு கூடையில் அள்ளிவிடலாம்.

வேலை மண்ணில் தொடங்குகிறது. களிமண்ணோடு உமியோ சாணமோ சேர்த்துப் பிசைந்து, யானையின் உருவத்தைக் கொஞ்சம் இளைத்த மாதிரி பிடிக்கிறார்கள். இது கரு. நிழலில் காய வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் வெடிக்கும். சத்தீஸ்கரின் பஸ்தரில் இதே வேலையைச் செய்பவர்கள் காய்ந்த கருவின் மேல் அவரை இலையைத் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். அடுத்து மெழுகு. தேன்மெழுகைப் பிசினோடு காய்ச்சி, சின்னத் துளை போட்ட தகட்டின் வழியே அழுத்தினால் நூல் நூலாக வருகிறது. நம் வீட்டு இடியாப்ப உழக்கை நினைத்துக்கொண்டால் போதும். அந்த மெழுகு நூலைக் கருவின் மேல் நெருக்கமாகச் சுற்றிக்கொண்டே போகிறார்கள். காது, தும்பிக்கை, கழுத்துமணி, சேணத்தின் பூவேலை எல்லாம் இந்த நூலைத் திருகியும் தட்டையாக்கியும் உருட்டியும் ஒட்டியவைதான். அலமாரி யானையின் மேல் ஓடும் கோடுகள் அலங்காரத்துக்காகப் பிறகு செதுக்கியவை என்று நினைப்பவர்கள் உண்டு. மெழுகு நூல் கிடந்த தடம் அது. உற்றுப் பார்த்தால் நூல் தீர்ந்து புதிய நூல் தொடங்கிய இடம்கூடத் தெரியும்.

மெழுகின் மேல் மறுபடி மண். முதல் பூச்சு மிக மெல்லிய மண். நூலின் ஒவ்வொரு மடிப்பையும் பிரதி எடுப்பது இதுதான். அதன் மேல் புற்றுமண், உமி கலந்த முரட்டுப் பூச்சு. மெழுகு வெளியேறவும் பித்தளை உள்ளே போகவும் ஒரு வாய். இப்போது யானையைக் காணோம். மண் கட்டி ஒன்றுதான் இருக்கிறது. அதை நெருப்பில் வைத்தால் 60 டிகிரியைத் தாண்டியதுமே தேன்மெழுகு உருகி ஓடிவிடுகிறது, மீதி எரிந்துபோகிறது. கருவுக்கும் மேல்மண்ணுக்கும் நடுவே மெழுகு இருந்த இடம் வெற்றிடமாகிறது. மூசையில் உருகிய பித்தளையை அந்த வெற்றிடத்தில் ஊற்றுகிறார்கள். சில ஊர்களில் பித்தளைத் துண்டுகளை அச்சின் வாயிலேயே வைத்து மண்ணால் மூடி, உருகியதும் அச்சைத் தலைகீழாகக் கவிழ்த்துவிடுவார்கள். ஆறியதும் தட்டி உடைப்பு.

பித்தளை பெரும்பாலும் பழசு. உடைந்த குடம், ஓட்டைச் செம்பு, கழற்றிப் போட்ட குழாய். பித்தளை உருகுவதற்கு 900 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அதில் கலந்திருக்கும் துத்தநாகமோ 907 டிகிரியில் கொதித்து ஆவியாகத் தொடங்கிவிடும். மூசையிலிருந்து கிளம்பும் வெள்ளைப் புகை அதுதான். அதைச் சுவாசித்தவர்களுக்கு அன்று இரவு காய்ச்சலும் குளிரும் வருவதை மருத்துவம் பதிவு செய்திருக்கிறது. முற்றத்து உலையில் முகமூடியை யார் எதிர்பார்க்க முடியும்?

ஊற்றும்போது காற்று எங்காவது சிக்கினால் பித்தளை அந்த இடத்துக்குப் போகாது. அச்சை உடைத்தால் மூன்று கால் யானை நிற்கும். பித்தளை வீணாகாது, மறுபடி மூசைக்குப் போகலாம். போனது பல நாள் உழைப்பு. அச்சும் போச்சு, மெழுகும் போச்சு. அடுத்த யானை மறுபடி களிமண்ணிலிருந்துதான்.

தமிழ் வாசகருக்கு இதெல்லாம் எங்கோ கேட்டது போல இருக்கலாம். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சுவாமிமலை ஸ்தபதிகள் நடராஜரை வார்ப்பதும் இதே மெழுகு வித்தையில்தான். தேன்மெழுகும் குங்கிலியமும் அங்கேயும் உண்டு. புற்றுமண்ணின் இடத்தில் காவிரி வண்டல். ஆனால் இரண்டும் இரண்டு உலகம். சுவாமிமலையில் முதலில் தென்னை ஓலையை மடித்து அளவு எடுப்பார்கள். சாஸ்திரம் சொன்ன தாளக் கணக்கில் முகம் இத்தனை, மார்பு இத்தனை என்று பிசகாமல் வர வேண்டும். உருவம் முழுக்க மெழுகு, ஆகவே வார்ப்பும் கனவார்ப்பு. வார்த்த பிறகு உளி எடுத்து நகாசு வேலை நாள் கணக்கில் நடக்கும். ஓஜாவிடம் ஓலையும் இல்லை, உளி வேலையும் அதிகம் இல்லை. உள்ளே மண், வெளியே தோல் போலப் பித்தளை. மெழுகு என்ன சொன்னதோ அதுதான் கடைசி வார்த்தை. சுவாமிமலையின் கண்ணோடு பார்ப்பவருக்கு இந்த யானை முடிக்காமல் விட்டது போலத் தோன்றும். அந்தக் கண்ணைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்தால்தான் இதன் அழகு பிடிபடும்.

வித்தை எவ்வளவு பழையது என்பதற்குச் சாட்சிகள் உண்டு. பலூசிஸ்தானின் மெஹர்கட்டில் கிடைத்த, சக்கரம் போன்ற ஒரு சின்னச் செப்புத் தாயத்து சுமார் 6,000 ஆண்டு பழையது. மெழுகில் வார்த்தது என்று 2016ல் வெளியான பிரெஞ்சு விஞ்ஞானிகளின் ஆய்வு காட்டியது. 1926ல் மொகஞ்சதாரோவில் கிடைத்து, இன்று டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் நிற்கும் 10.5 செ.மீ. நடன மங்கையும் இதே குடும்பம். விலங்குகளுக்கு இன்னும் நல்ல உதாரணம், மகாராஷ்டிரத்தின் தைமாபாத். 1974ல் அங்கே யானை, காண்டாமிருகம், எருமை, மாடு பூட்டிய தேர் என நான்கு வெண்கல உருவங்கள் தற்செயலாகக் கிடைத்தன. மொத்த எடை 60 கிலோவுக்கு மேல். அவற்றின் வயது பற்றி அறிஞர்களுக்குள் சண்டை இன்னும் ஓயவில்லை. தைமாபாத் இருப்பது பிரவரா ஆற்றங்கரையில். அந்த ஆறு கோதாவரியில் கலக்கிறது. கோதாவரி கீழே இறங்கி வந்து பழைய ஆதிலாபாத்தின் தெற்கு எல்லையாகிறது. இதை வைத்துக் கதை கட்டத் தேவையில்லை. ஆனாலும் மனம் சும்மா இருக்குமா? நம் ஆதிச்சநல்லூரிலும் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை நடத்திய அகழ்வில் எருமை, ஆடு, சேவல் நிற்கும் வெண்கல மூடிகள் கிடைத்தன. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் விசாரித்துப் பார்க்கலாம்.

தோக்ரா என்ற பெயரே ஓஜாக்களுடையது இல்லை. வங்காளம், ஒரிசா பக்கம் ஊர் ஊராகச் சுற்றிய வார்ப்பாளர் கூட்டத்தின் பெயர் அது. கடைக்காரர்கள் புண்ணியத்தில் பாங்குரா முதல் பஸ்தர் வரை, பஸ்தர் முதல் ஆதிலாபாத் வரை எல்லோருக்கும் அந்த ஒரே சீட்டை ஒட்டியாகிவிட்டது. இந்தியா வந்த அமெரிக்க வடிவமைப்பாளர் ரூத் ரீவ்ஸ் இந்த வார்ப்பு முறைகளைப் பற்றி 1962ல் நூல் எழுதினார். கல்கத்தாவின் சிற்பி மீரா முகர்ஜி பஸ்தரில் போய் உட்கார்ந்து இந்த வேலையைக் கற்று, தன் பெரிய வெண்கலச் சிற்பங்களுக்குக் கொண்டுவந்தார். பஸ்தரும் பாங்குராவும் நாடறிந்தவை ஆயின. ஆதிலாபாத் தன் காட்டுக்குள்ளேயே இருந்தது. அதற்கும் காரணம் உண்டு. அவர்களுக்கு வெளியே போய் விற்க வேண்டிய அவசியம் வெகுகாலம் இல்லை.

ஓஜா வார்த்தது கோண்டுகளுக்காக. குலதெய்வத்தின் உருவம், விளக்கு, கொலுசு, ஆட்டத்துக்குக் கட்டும் மணி. தீபாவளியை ஒட்டி நடக்கும் தண்டாரி விழாவில் மயில் இறகுக் கிரீடம் வைத்து குஸ்ஸாடி ஆடுபவர்களின் உடம்பில் மணிகள் குலுங்கும். ஜைனூருக்குப் பக்கத்து மார்லவாய் கிராமத்தில்தான் மானிடவியலாளர் ஹைமண்டார்ஃப் 1940களில் மனைவி பெட்டியோடு தங்கி கோண்டுகளை ஆராய்ந்தார். இருவரின் நினைவிடமும் அங்கே இருக்கிறது. அதே ஊரின் குஸ்ஸாடி ஆசான் கனக ராஜுவுக்கு 2021ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2024 அக்டோபரில் அவர் காலமானார். அந்த உலகத்தில் யானைக்கும் குதிரைக்கும் ஒரு வேலை இருந்தது. சாமிக்கு முன்னால் நிற்பது. இப்போது டி.வி.க்குப் பக்கத்தில் நிற்கிறது.

இந்த இடமாற்றத்தைப் பார்த்துக் கண்ணீர் விடுவது சுலபம். சாமிக்கான உருவத்தை ஒரு குடும்பம் ஒருமுறை வாங்கினால் பேரன் காலம் வரை போதும். எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் வந்த பிறகு கொலுசையும் பாத்திரத்தையும் ஓஜாவிடம் கேட்பவர்களும் குறைந்தார்கள். நகரத்து அலமாரி இல்லாவிட்டால் உலை அணைந்திருக்கும். ஆகவே அலமாரியைத் திட்டிப் பயனில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நகரத்து ஆள் பாலாநகர்க் கணக்கைக் கையோடு கொண்டுவந்துவிடுகிறார். பத்து யானை எடுத்தால் விலை என்ன, நூறு எடுத்தால் என்ன என்று கேட்கிறார். டையில் வார்க்கும் சரக்குக்கு அது நியாயமான கேள்வி. நூறாவது உருப்படி முதல் உருப்படியைவிட மலிவு. மெழுகில் வார்க்கும் யானைக்கு நூறாவது யானையும் முதல் யானைதான். அதே கரு, அதே நூல், அதே உடைப்பு. அதிகம் செய்வதால் ஓஜாவுக்குக் கிடைக்கும் ஒரே மாற்றம், பித்தளையும் மெழுகும் விறகும் அதிகம் வாங்க வேண்டியிருப்பது. தள்ளுபடி எங்கிருந்து வரும்? அவர் கூலியிலிருந்துதான்.

2018ல் ஆதிலாபாத் தோக்ராவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பஸ்தருக்குப் பத்தாண்டு கழித்து. நல்ல செய்திதான். ஆனால் அந்தச் சட்டம் காப்பது பெயரை. நூல் சுற்றிய அந்தத் தோற்றத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு நல்ல தோக்ரா யானையை மாதிரியாக வைத்து ரப்பர் அச்சு எடுத்தால் மெழுகு யானைகளை வரிசையாகப் பிழிந்தெடுக்கலாம். மணல் அச்சில் இரண்டு பாதியாக வார்த்து ஒட்டினால் இன்னும் மலிவு. மேலே கறுப்புச் சாயம் தேய்த்துவிட்டால் பழங்குடிக் கலை என்ற சீட்டோடு அதே அலமாரிக்கு வந்துவிடும்.

வாங்குகிறவர் ஏமாறாமல் இருக்கச் சில வழிகள் உண்டு. முதுகிலோ வயிற்றிலோ நீளவாக்கில் ஒரு தையல் கோடு ஓடினால் அது இரண்டு பாதி ஒட்டிய சரக்கு. இரண்டு யானைகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காதுமடல் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் சந்தேகப்படலாம். கோடுகள் இயந்திரம் போட்டது போல ஒரே இடைவெளியில் ஓடினாலும் அப்படியே. கடைசியாக யானையைக் கவிழ்த்து லேசாகத் தட்டுங்கள். சில சமயம் வயிற்றுக்குள்ளிருந்து கரிந்த மண் கொஞ்சம் உதிரும். கருவின் மிச்சம் அது. மேஜை அழுக்காகிறதே என்று கடைக்காரர் பதறித் துடைப்பார்.

வேடிக்கை என்னவென்றால், உடைபடும் அச்சை நம்பியிருப்பது ஓஜா மட்டுமில்லை. 1907ல் சிகாகோவின் பல் மருத்துவர் வில்லியம் டாகார்ட் பல்லுக்குத் தங்கம் வார்க்க இந்த முறையைக் கையாண்டு காட்டினார். இரண்டாம் உலகப் போர் காலத்தில் விமான இயந்திர பாகங்களுக்கு அது பரவியது. பாலாநகரிலிருந்து ஹைதராபாத்தின் மறுகோடிக்குப் போனால் கஞ்சன்பாக். அங்கே ராணுவ உலோக ஆய்வுக்கூடமான டி.எம்.ஆர்.எல். இருக்கிறது. ஹெலிகாப்டர் இயந்திரத்துக்கான 60 டர்பைன் தகடுகளை அது செய்து ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸுக்குக் கொடுத்த செய்தி 2021 ஏப்ரலில் வெளியானது. மொத்தத் திட்டம் 300 தகடு. ஒவ்வொரு தகடும் ஒரே படிகமாக வளர வேண்டும். அதற்கு வழி? மெழுகில் உரு. அதன் மேல் பீங்கான் குழம்பில் பூச்சு மேல் பூச்சு. மெழுகை உருக்கி வெளியேற்றி, 1,500 டிகிரிக்கு மேல் கொதிக்கும் நிக்கல் கலவையை ஊற்றி, ஆறியதும் அச்சை உடைப்பது. தகட்டின் உள்ளே காற்று ஓடும் துளைகள் வேண்டும் என்பதற்காகப் பீங்கானில் ஒரு கருவும் உண்டு. யானை வயிற்று மண்ணின் வேலைதான் அதற்கும். அந்தத் தகட்டை நூறு எடுத்தால் என்ன விலைக்குத் தருவீர்கள் என்று யாரும் பேரம் பேசியதாகத் தெரியவில்லை.

உஷேகாவுக்குப் போக விரும்புகிறவர்கள் மழைக்காலத்தைத் தவிர்ப்பது நல்லது. பாதைக்காக மட்டுமில்லை. ஈரக்காற்றில் கரு காயாது, வேலை மந்தமாகிவிடும். தீபாவளியை ஒட்டிப் போனால் தண்டாரி ஆட்டமும் கண்ணில் படலாம். உட்னூர் வரை அரசுப் பேருந்து உண்டு. உலை தினமும் எரிவதில்லை. அச்சுகள் போதுமான அளவு சேர்ந்து காய்ந்த பிறகு ஒருநாள் மூட்டுவார்கள். அந்த நாள் வாய்த்தால் வார்த்த சூடு அடங்கும் வரை காத்திருக்க வேண்டும். ஆறுவதற்கு முன் தட்டினால் பித்தளையும் அச்சோடு சேர்ந்து உடையும். சுத்தியல் விழுந்து மேல்மண் பிளக்கும்போது முதலில் தெரிவது வாய் அடைத்த பித்தளைக் கட்டி. அதன் கீழே கறுத்துப்போய், புகை நாற்றத்தோடு, தும்பிக்கையின் நுனி.